பாதாளக் கரண்டி

துருசு திருத்த வேண்டும் என்று
வைகாசியில் குளத்தைத் திறந்துவிட்டார்கள்.
இரண்டு வருட வேலையாம்.
ஒப்பந்தக்காரரின் பலகையில் தொகை இருந்தது, திகதி இருந்தது,
எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி
ஒரு வரியும் இல்லை.

நாங்கள் நாலு பேர்.
சங்கக் கடையில் கணக்கெழுதும் நான்,
சைக்கிள் கடை விமலாகரன்,
தபால்காரர் கீதபொன்கலன்,
யாரோடும் கதைக்காத சிவகடாட்சம்.
அலைகரை மருதடியில்
மண்புழு டின்னை நடுவில் வைத்துத் தூண்டில் போடுவோம்.
விரால் பட்டால் கறி,
படாவிட்டால் பருப்பு.
அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை
தண்ணீர் வற்றும்வரை.

"கடல் இருக்குத்தானே" என்றார் கீதபொன்கலன்.
முதல் பஸ்ஸில் முல்லைத்தீவுக்குப் போனோம்.
அவருக்குப் பிடித்துப்போயிற்று:
பெரிய மீன், பெரிய காற்று, கரைவலைக்காரரோடு பெரிய கதை.
என் நூலைக் கடல்
ஓயாமல் இழுத்துக்கொண்டேயிருந்தது,
சந்தை முழுக்க ஒரே நேரத்தில் விலை சொல்வதுபோல.
எது அலை, எது மீன் என்று பிரிக்கமாட்டாமல்
தோள் நொந்து திரும்பினேன்.

விமலாகரன் வவுனியாவில்
கண்ணாடித் தொட்டி வாங்கிவந்து
ரியூப் பெட்டிகளுக்கு நடுவில் வைத்தான்.
ஆறு தங்கமீன்.
"பாருங்கோ, மீன்தானே."
பார்த்தேன். அவையும் பார்த்தன.
ஒளிக்க இடமில்லாத மீனை
வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சிவகடாட்சம் மட்டும் எதையும் மாற்றவில்லை.
வெடித்த சேற்றைப் பார்த்தபடி
அதே மருதடி, அதே ஆறு மணி.
ஏன் என்று கேட்டேன்.
"நான் ஊசியில இரை குத்தினதே இல்லைப் பிள்ளை."

அன்றிரவு நித்திரை வரவில்லை.
அப்படியென்றால்
எனக்கு எதுதான் மீன்?

ஆவணியில் பக்கத்து வளவுச் சுபாங்கியின் வாளி
கயிறறுந்து கிணற்றுக்குள் போயிற்று.
சங்கக் கடையில் விலைபோகாமல் தொங்கிய
பாதாளக் கரண்டியை எடுத்துப்போய் இறக்கினேன்.
இருபத்தெட்டு அடி. கறுத்த தண்ணீர்.
அடி தட்டியது. மெல்ல நடத்தினேன்.
கல். வேர். சேறு.
திரும்பவும் கல்.
பிறகு உள்ளங்கைக்குள்
மிகச் சின்னதாய் ஓர் "ஓம்."

சுபாங்கிக்கு வாளி வந்த சந்தோசம்.
எனக்கு முதுகு சிலிர்த்த காரணம்
அவளுக்கு விளங்கியிருக்காது.

இப்போது ஆட்கள் தேடி வருகிறார்கள்,
மோட்டர் சைக்கிளில் ஏற்றிப்போகிறார்கள்.
வாளி, செம்பு,
ஒருமுறை மாப்பிள்ளையின் ஃபோன்
(கல்யாணம் நடந்தது, ஃபோன் நடக்கவில்லை).
கூலி வேண்டுவதில்லை. தேத்தண்ணி குடிப்பேன்.

ஒட்டுசுட்டானுக்கு அங்கால் ஒரு வளவு.
கனகாலம் இறைக்காத கிணறு.
புதிதாய்க் குடிவந்தவர்கள் வாளி என்றுதான் சொன்னார்கள்.
கொளுவியது வாளியின் பாரமில்லை,
என் கைக்குத் தெரியும்.
நாலு பேர் பிடித்து இழுத்தோம்.
தையல் மெஷின் தலை.
பொலித்தீனில் சுற்றி, ரியூப் றப்பரால் வரிந்து,
திரும்பி வருகிற ஆள் போடும் முடிச்சு.
ஒருவரும் கதைக்கவில்லை.
முடிச்சை நாங்கள் அவிழ்க்கவில்லை.
விறாந்தை மூலையில் இருக்கிறது இன்னும்.
வாளி இரண்டாம் தரம் வந்தது.

சொன்னதற்கு ஒரு வருடம் பிந்தி
மார்கழி மழையில் குளம் நிரம்பியது.
நாலு பேரும் போனோம்.
கீதபொன்கலன் கடல் தூண்டிலோடு வந்து
சிரிப்பு வாங்கினார்.
என் மிதப்புத் தாழ்ந்தது,
உள்ளங்கையளவு ஜப்பான் மீன்.
நல்லாத்தான் இருந்தது.
ஆனாலும் குளத்துக்கு
அடி ஆழம் போதவில்லை.

ஃபோன் அடித்தது.
யாரோ, எங்கேயோ. "அக்கா, வாளி..."
"எத்தனை அடி?" என்றேன்,
நூலைச் சுற்றிக்கொண்டே.